செத்த பிரிட்ஜில் இருபத்தைந்து சுருட்டுகள்

பெரியவளே, சின்னவனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரெண்டு பேரும் பீரோ மேலே ஏறி எடுத்த மரப்பெட்டியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெட்டிக்குள் ஒரு வட்ட மீட்டரும் ஒரே ஒரு சுருட்டும் கிடந்ததைப் பார்த்துவிட்டு, நேராக அடுக்களைக்குப் போய், "அம்மா, அப்பா ரகசியமா சுருட்டு குடிக்காங்க" என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா சிரித்திருக்கிறாள். சிரித்தவள் விவரத்தையும் சொல்லியிருக்கலாம். "அப்பாட்டயே கேளுங்க" என்று விட்டுவிட்டாள். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது சின்னவன் என் வாய்ப் பக்கம் மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்ததும் எனக்குத் தெரியும்.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் அப்பன் பீடி, சிகரெட், சுருட்டு எதையும் வாயில் வைத்தவன் இல்லை. நீங்களும் வைக்கக் கூடாது. வாயால் சொன்னால் பாதியில் யாராவது வாஷிங்மெஷின் ஓடவில்லை என்று போன் போட்டுவிடுவார்கள். அதனால்தான் எழுத்தில். பத்தாம் வகுப்பும் ஐடிஐயும் முடித்தவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

அந்தப் பெட்டி ஒரு அண்ணாச்சியுடையது. பெயரை எழுதவில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் குத்துக்கல்வலசையில் பிரிட்ஜ் ரிப்பேர்க் கடை போட்ட புதிது. ஒரு பங்குனி மாதம் போனில் ஒரு குரல்: "பிரிட்ஜ்ல கோளாறு. மேலகரம் தாண்டி குற்றாலம் ரோட்டுல பச்சைக் கேட்டு வீடு. பத்து மணின்னா பத்து மணி." நான் போய்ச் சேர்ந்தபோது பத்து ஐந்து. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டாளத்துக்காரர் என்பது மீசையைப் பார்த்தாலே தெரிந்தது. ஆபீசர்களுடைய சாப்பாட்டு மெஸ்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது பிறகு தெரிந்தது. "பத்து அஞ்சு" என்றார். வா என்று சொல்லவில்லை.

பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"நல்லா கூலிங் இருக்கே அண்ணாச்சி. என்ன கோளாறு?"

"கூலிங்கை யாருலே கேட்டா? ஈரம் நிக்க மாட்டேங்கு. நாப்பத்தி ரெண்டுக்கு இறங்கிட்டு."

பால் பாத்திரத்துக்கும் புளிக்குழம்புச் சட்டிக்கும் நடுவில் அந்த மரப்பெட்டி உட்கார்ந்திருந்தது. அதற்குள்ளே இருக்கிற ஈரத்தைத்தான் சொல்கிறார்.

"பிரிட்ஜ்னா ஈரத்தை எடுக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. கீரையை மூடாம வச்சா வாடிப் போகுதுல்லா? பின்னால தண்ணி வடியுதே, அது உள்ள இருந்த ஈரம்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ உனக்கு ஈரம் தெரியும்" என்றார்.

உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா, நான் மதினி என்று கூப்பிடுவேன், எட்டிப் பார்த்துச் சொன்னார்: "போச்சு. மாட்டிக்கிட்டீங்க தம்பி."

மாட்டிக்கொள்ளத்தான் செய்தேன்.

பெட்டிக்குள் இருபத்தைந்து சுருட்டுகள். நம் ஊர்ப் பெட்டிக்கடைச் சுருட்டு இல்லை. கடல் தாண்டி வந்தவை. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தடிமன், இடுப்பில் தங்கக் கலரில் ஒரு காகித வளையம். அண்ணாச்சி ஓய்வு பெற்ற அன்று அவருடைய கர்னல் கொடுத்தது. கர்னல் பாலக்காட்டுக்காரர்.

அவருக்கு இவர்மேல் பிரியம் வந்த கதையை மதினிதான் சொன்னார். ஒரு விருந்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு ஜெனரல் வந்திருக்கிறார். சூப்பு எப்படி என்று சுற்றிலும் கேட்டாராம். ஆபீசர்கள் எல்லாரும் பிரமாதம், பிரமாதம் என்றார்களாம். விளையாட்டாகப் பின்னால் நின்ற நம் ஆளையும் கேட்டிருக்கிறார். "உப்பு ஒரு கல்லு கூட, சார். போட்ட கை என்னோடது." கர்னல் இருமிப் பார்த்தாராம். இருமலுக்கெல்லாம் நிற்கிற ஆளா இவர்? "ரெண்டு கல்லாவும் இருக்கும், சார்" என்றாராம்.

அந்தக் கர்னல்தான் பெட்டியைக் கையில் கொடுத்துச் சொல்லியிருக்கிறார். இதை நன்றாக வைத்திருந்தால் பத்து வருஷத்தில் காரம் அடங்கிப் பதமாகும். அதற்குப் பிறகு ஒரு சீசனுக்கு நான் குற்றாலம் வருவேன். ஆளுக்கு ஒன்று பற்றவைப்போம். அதுவரை ஈரம் அறுபத்தெட்டில் நிற்க வேண்டும்.

"ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பாரு அண்ணாச்சி" என்றேன்.

"கர்னல் பேச்சுக்குச் சொல்ல மாட்டாரு. நானும் பேச்சுக்குக் கேக்க மாட்டேன்."

அறுபத்தெட்டு என்பது காற்றில் எவ்வளவு ஈரம் என்கிற கணக்கு. அதிகமானால் சுருட்டில் பூஞ்சை பிடிக்கும். குறைந்தால் காய்ந்து தோல் வெடிக்கும். வேறு ஊராக இருந்தால் பரவாயில்லை. நம் ஊரில் ஆனி, ஆடி வந்தால் உப்பு ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும், தீக்குச்சியை உரசினால் மருந்து மாவாக வரும். பங்குனி, சித்திரையில் உதடு வெடிக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவில் வருஷம் பூராவும் அறுபத்தெட்டு வேண்டும் என்று ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

என் கடையில் கம்ப்ரசர் போன பிரிட்ஜ் ஒன்று கிடந்தது. கதவு ரப்பர் மட்டும் புதுசு போல இருந்தது. ரப்பர் நன்றாக இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகாது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, வெறும் கூட்டைக் கொண்டுபோய் அவர் வீட்டுக் கூடத்தில் நிறுத்தினேன். அதற்குள் மரப்பெட்டி. அன்றிலிருந்து அந்த வீட்டில் ரெண்டு பிரிட்ஜ். வந்த விருந்தாளிகள் தண்ணீர் எடுக்க ஒன்றைத் திறந்து, "என்னக்கா, கரண்டு இல்லையா?" என்பார்கள். மதினி சொல்வார்: "உசிரோட இருக்கதுல நான் பால் வச்சிருக்கேன். செத்ததுல இவுக பிள்ளை வளக்காக."

வெயில் காலத்தில் பெட்டிக்குள் ஒரு சின்னக் கிண்ணம், அதில் நனைத்த ஸ்பாஞ்ச். நனைக்கிற தண்ணீர், கார் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர்தான். வேறு எதிலும் உப்பு இருக்குமாம். ஒருநாள் நல்லது செய்வதாக நினைத்து நான் ஐந்தருவித் தண்ணீர் ஒரு கேன் பிடித்துக்கொண்டு போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"ஐந்தருவித் தண்ணிக்கு உலகமே தேடி வருது தம்பி" என்றார் மதினி. "இவுக சுருட்டுக்கு அது ஆகாதாம்."

மழைக்காலத்துக்கு வேறு ஏற்பாடு. புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைப் பொட்டலம் கிடக்குமே, ஈரத்தை உறிஞ்சுகிறது, அதைச் சேர்ப்பார். தென்காசிக் கடைத்தெருவில் ஒரு செருப்புக்கடை விடாமல் ஏறி, செருப்பைப் பார்க்காமல் பொட்டலத்தை மட்டும் கேட்ட ஒரே மனுஷர் அவர்தான். ஊரே எப்போது சாரல் விழும் என்று மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் தூறல் கன்னத்தில் பட்டதும் பிள்ளைகள் துள்ளும். அண்ணாச்சி மட்டும், வேண்டாத சொந்தக்காரன் பெட்டியோடு வந்து இறங்கின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஆரம்பிச்சிட்டான்" என்பார்.

மாதம் பிறந்தால் இருபத்தைந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் படுக்கவைப்பார். ஒரு பக்கமே அழுத்தக் கூடாதாம். மதினிக்கு மூட்டுவலி. "என்னைய ஒரு தடவை இப்படித் திருப்பிப் போட்டிருந்தா நான் இந்நேரம் அருவிக்கு ஓடியிருப்பேன்" என்பார். அண்ணாச்சி காதில் விழாதது போல எண்ணிக்கொண்டிருப்பார்.

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர், வயல் வேலைக்குப் போகிறவர், காதுமடலில் சுருட்டைச் செருகிக்கொண்டே திரிவார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்வார்: "என் சுருட்டுக்கும் ஈரம் வேணும்லா? காது வேர்வைதான். அதுபாட்டுக்குப் பழுக்கும்."

இத்தனைக்கும் அண்ணாச்சிக்குப் புகைப் பழக்கமே கிடையாது. ஒன்றுகூடக் குடித்துப் பார்க்கவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கு எதுக்குலே? நான் என்ன சுருட்டா குடிக்கேன்?" என்று கோபித்துக்கொண்டார்.

இப்போது மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் பெட்டியில் பார்த்த அந்த வட்டமான முள் மீட்டர்தான், கர்னல் கொடுத்தது. அது சரியாகக் காட்டுகிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. சோடாபாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, கரைந்துவிடாத அளவுக்கு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஒரு ஜாடிக்குள் இறுக்கி மூடி, ஒரு பகல் வைக்க வேண்டும். உப்பு இருக்கிற ஜாடிக்குள் ஈரம் எப்போதும் எழுபத்தைந்தில் வந்து நிற்கும். அண்ணாச்சியின் மீட்டர் எழுபத்து மூன்றுதான் காட்டும். "ரெண்டு குறைச்சுச் சொல்லுதான். அவன் பிறப்பு அப்படி. நாமதான் ரெண்டு கூட்டிக்கிடணும்" என்பார். அறுபத்தாறு என்று நான் வாசித்தால், "ரெண்டு கூட்டிக்கோ" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். கூட்டிய கணக்கைத் தினசரி காலண்டர் தாளில் எழுதிவைப்பார்.

காலையில் இருபது நிமிஷம் மீட்டர் வாசலில் இருக்கும், வெளி ஈரம் பார்க்க. அந்த நேரத்துக்குத் தெருப் பெண்கள் சரியாக வந்துவிடுவார்கள். வடகம் பிழியலாமா, வத்தல் காயப்போடலாமா என்று கேட்க. "எழுபத்தொம்பது. போடாதீங்க. பூத்துப் போகும்" என்பார். மாவைக் கிண்டி வைத்துவிட்டு வந்த ஒரு அக்கா கெஞ்சினார்: "அண்ணாச்சி, ஒரு அறுபதுன்னு சொல்லுங்களேன், மனசுக்கு ஆறுதலா இருக்கும்." "எழுபத்தொம்பது" என்றார் மறுபடியும்.

ஈரத்தில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் அப்படித்தான். அந்தத் தெருவில் ஒரு பையனுக்குப் பெண் கொடுக்க ஆலங்குளத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். பையன் எப்படி என்று இவரிடமா கேட்க வேண்டும்? "தங்கமான பையன். எட்டு மணிக்கு முன்னால எந்திரிக்க மாட்டான். கை நீட்டுத பழக்கம் இல்ல. காசு கையில தங்காது" என்று வரிசையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். கல்யாணம் நடந்தது, அது வேறு. ஆனால் பையனுடைய அம்மா ரெண்டு வருஷம் அந்தப் பச்சைக் கேட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பெட்டி வந்து பதினோராவது வருஷம் மாசி மாதத்தில் கர்னல் போன் போட்டார். ஆடியில் வருகிறாராம். அண்ணாச்சி நின்றுகொண்டே பேசினார். வைத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார். "பாத்தியாலே, பேச்சுக்குச் சொன்னாராம்ல" என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

சித்திரையில் அவர்கள் மகளுக்குக் கோயம்புத்தூரில் பிரசவம். ரெண்டு பேரும் இருபது நாள் போக வேண்டும். சாவியை என்னிடம் கொடுத்தார். கூடவே ஒரு தாள். பதினேழு குறிப்பு. பதினேழாவது: "சந்தேகம் வந்தால் போன் செய்யவும்."

ஒன்பதாம் நாள் செத்த பிரிட்ஜைத் திறந்து பெட்டி மூடியைத் தூக்கினேன். ஒரு சுருட்டில் குண்டூசி குத்தின மாதிரி நாலு ஓட்டை. பக்கத்தில் மிளகில் பாதிகூட இல்லாத ஒரு பழுப்புப் பூச்சி, வீட்டுக்காரன் மாதிரி நிதானமாக நடந்துபோனது.

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். இந்த மனுஷர் பிரசவ வார்டு வாசலில் நிற்கிறார். பூச்சி என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். மதினி அதற்குப் பிறகு என்னை உயிரோடு விட மாட்டார். நாமே சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளைகளே, இந்த நினைப்புதான் உங்கள் அப்பனுக்குப் பாதி வியாதி.

நாங்கள் கடையத்துப் பக்கம் நெல் விளைவித்த குடும்பம். நெல் மூட்டைக்குள் பூச்சி வராமல் இருக்க நொச்சி இலையைப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். வாய்க்கால் கரைக்கு வண்டியை விட்டேன். ஒரு பை நொச்சி ஒடித்து வந்தேன். ஓட்டை விழுந்த சுருட்டைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, மீதி இருபத்துநாலுக்கும் கீழே ஒரு மெத்தை, மேலே ஒரு போர்வை, நொச்சியில். மூடினேன். ரப்பர் நன்றாக இருந்த பிரிட்ஜ் அல்லவா? ஒரு இழை வாசமும் வெளியே போகாது. என் வேலையில் அவ்வளவு சுத்தம்.

பதினோரு நாள் கழித்து, அவர்கள் வருவதற்கு முந்தைய சாயங்காலம், இலையை எடுக்கத் திறந்தேன். பூச்சி ஒன்றுகூட இல்லை. ஆனால் சளி பிடித்தால் சட்டியில் நொச்சி போட்டு, போர்வையால் மூடி ஆவி பிடிப்போமே, அந்த வாசம் முகத்தில் அடித்தது. இலையை எல்லாம் எடுத்தேன். விசிறினேன். ஒரு சுருட்டை எடுத்து மோந்தேன். மறுபடியும் ஆவி. பதினோரு வருஷம் அறுபத்தெட்டில் வைத்த பொருளைப் பதினோரு நாளில் நான் கஷாயம் ஆக்கிவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் வீட்டில் நின்றேன். பேத்தி பிறந்த மிட்டாயைக் கையில் கொடுத்துவிட்டு அண்ணாச்சி நேராகப் பிரிட்ஜைத் திறந்தார். பெட்டியைத் திறந்தார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூச்சி, ஓட்டை, எடுத்துவிட்டு வைத்த போன், நொச்சி.

திரும்பாமலே கேட்டார்: "எத்தனை நாள்?"

"பதினொண்ணு."

"பச்சை இலையா, காஞ்ச இலையா?"

"பச்சை."

பெட்டியை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏலே, உன் தொழில் என்னது?"

"பிரிட்ஜ் மெக்கானிக், அண்ணாச்சி."

"சுருட்டுப் பூச்சியைக் கொல்லுததுக்கு ஒரு கவர்ல கட்டி மூணு நாள் பிரீசர்ல வச்சாப் போதும்லே. பிரீசர்ல! நீ தெனைக்கும் கையை விட்டுக் கொடைஞ்சிட்டுக் கெடக்க பிரீசர்ல! அதை விட்டுட்டு வாய்க்காலுக்கு ஓடியிருக்கான்."

மதினி மிட்டாய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

ஆடிக்கு ரெண்டு மாதம் இருந்தது. என்னவெல்லாமோ செய்தோம். காற்றாட வைத்தோம். பெட்டியைத் துடைத்துத் துடைத்து மரமே வெளுத்துவிட்டது. வாசம் கொஞ்சம் அடங்கியது, போகவில்லை. வேறு சுருட்டு வாங்கி வைத்துவிடலாமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே செத்தது.

"கர்னல் கேட்டா உள்ளதைச் சொல்லிருவேன்" என்றார். "நீயும் அங்கன இருக்கணும். நீ இல்லாத இடத்துல உன்னையச் சொன்னா அது கோள். பத்து மணின்னா பத்து மணி."

கர்னல் வருகிற அன்று ஒன்பது ஐம்பதுக்கே போய்விட்டேன். கல்யாணத்துக்கு எடுத்த முழுக்கைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தேன். குற்றவாளிக் கூண்டுக்கு வேறு எதைப் போட்டுக்கொண்டு போவது என்று தெரியவில்லை.

நல்ல சாரல். கர்னல் கைத்தடியோடு வந்து இறங்கினார். முந்தின நாள் மெயினருவியில் ஆசை தீர நின்றிருக்கிறார். மூக்கு அடைத்து, பேச்சே மாறிப்போயிருந்தது. மதினி சுக்குக் காப்பி கொடுத்தார். அண்ணாச்சி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், ஒரு தட்டில் துணி விரித்து ரெண்டு சுருட்டைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்திலேயே மீட்டர்.

"எத்ர?" என்றார் கர்னல்.

"அறுபத்தாறு சார். ரெண்டு கூட்டணும். அறுபத்தெட்டு."

கர்னல் தலையை ஆட்டிக்கொண்டார். ரெண்டு பேரும் பற்றவைத்தார்கள். கர்னல் கண்ணை மூடி ஒரு இழுப்பு. நான் சுவரோரம் நின்றேன். இன்னொரு இழுப்பு. கண்ணைத் திறந்தார்.

"எடோ ஹவில்தாரே. இதில் எந்தா ஒரு மணம்?"

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். வாயையும் திறந்துவிட்டேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார், கழுத்து வரைக்கும் போட்டிருந்த பொத்தானைப் பார்த்தார். ஜெனரலுக்கு முன்னால் உப்பு கூட என்று சொன்ன வாய் அது.

"சாரல் சார்" என்றார். "பதினோரு வருசம் எங்க ஊர்ச் சாரல்லயே கெடந்த சாமானம்லா. அந்த வாசம்."

அடுக்களை வாசலில் நின்ற மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கர்னல் மூன்றாவது முறை இழுத்தார். மூக்கால் ஒரு பெரிய மூச்சு விட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "மூக்கு துறந்நு! ராத்திரி முழுக்க அடச்சு இருந்தது. எத்ரயோ நாட்டில் நான் சுருட்டு வலிச்சிருக்கேன். இப்படி ஒண்ணு வலிச்சதே இல்ல."

அண்ணாச்சியும் மரியாதைக்கு ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் வர இருமினார், இருமினார், நான் ஓடிப்போய் முதுகைத் தட்டும்படி ஆனது.

"உனக்குப் பழக்கம் இல்லியா?" என்றார் கர்னல்.

"இல்ல சார்."

"பின்னே எதுக்கு இத்தன வருஷம் இதை வச்சுப் பாடு பட்டே?"

"நீங்க சொன்னீங்க சார்."

கர்னல் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுருட்டு அதுபாட்டுக்குப் புகைந்தது. போகும்போது மீதி இருபத்திரண்டையும் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டார். காருக்குள் உட்கார்ந்த பிறகும் துணியை மூக்கில் வைத்து மோந்துகொண்டே போனார்.

கார் திரும்பியதும் அண்ணாச்சி கேட்டில் நின்றபடியே, "நான் ஏன் சொல்லலைன்னு கேக்கியா?" என்றார்.

"கேக்கலை அண்ணாச்சி."

"கேளுலே."

"ஏன் சொல்லலை?"

"மீட்டர்ல ரெண்டு கூட்டிச் சொல்லுதோம். அது பொய்யா? அவன் குறைச்சுக் காட்டுதான், அதனால கூட்டுதோம். இவன்தான் இலையைப் போட்டுக் கெடுத்தான்னு ஒரு வார்த்தையில சொன்னா, கர்னல் கண்ணுக்கு நீ இருக்கதுல பாதிதான் தெரிவ. ஒம்பது நாள் தவறாம வந்து தொறந்து பாத்தது, என் மக பிரசவத்தைக் கெடுக்கக் கூடாதுன்னு போனை வச்சது, எதுவும் தெரியாது. அதான் ரெண்டு கூட்டினேன்."

நான் முழுக்கைச் சட்டையிலேயே கண்ணைத் துடைத்தேன். அதைப் பார்த்ததும் அவருக்குப் பழைய குரல் வந்துவிட்டது. "சரி, சரி. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து அந்தப் பிரிட்ஜைக் கழுவு. ஆவி பிடிச்ச சட்டி மாதிரி நாறுது."

மறுநாள் கழுவினேன். பத்து ஐந்துக்குப் போனேன் என்பதை அவர் சொல்லிக்காட்டத் தவறவில்லை.

சில வருஷங்களில் மதினியின் மூட்டுவலி முற்றி, ரெண்டு பேரும் மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார்கள். போகும்போது அண்ணாச்சி பெட்டியையும் மீட்டரையும் என்னிடம் கொடுத்தார். பூச்சி தின்ற அந்த ஒற்றைச் சுருட்டும் கவரில் கட்டி அதில் கிடந்தது. "இது உன் பங்கு" என்றார். நீங்கள் பார்த்தது அதுதான். மோந்து பார்த்திருப்பீர்கள். அதை நான் தனியே எடுத்துவைத்ததால் நொச்சி வாசம் இருக்காது. சுருட்டின் சொந்த வாசம் என்ன என்பது எனக்கு அந்த ஒன்றில்தான் தெரியும்.

போன கார்த்திகையில் நான் ஒருநாள் கோயம்புத்தூர் போய் வந்தேனே, கஸ்டமர் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டு? விசேஷம் இல்லை. மாலை வாங்கிக்கொண்டு போனேன். மதினி என்னைப் பார்த்ததும், அழுகைக்கு நடுவிலேயே, "எத்தனை மணிக்கு வந்தீங்க தம்பி?" என்று கேட்டார். பத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டேன் என்று சொன்னேன்.

திரும்பி வந்த மறுநாள் கடையில் யாரும் இல்லை. பெட்டியிலிருந்து மீட்டரை எடுத்தேன். சோடா மூடியில் உப்பை நிரப்பி, பேட்டரித் தண்ணீர் நாலு சொட்டு விட்டு, ரெண்டையும் ஊறுகாய் ஜாடிக்குள் வைத்து இறுக்கி மூடினேன். சாயங்காலம் வரை மூடியைத் தொடவில்லை. விளக்குப் போடுகிற நேரத்துக்கு ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முள் எழுபத்தொன்றில் நின்றது. அவனுக்கும் வயதாகிவிட்டது. காலண்டரில் அன்றைய தாளை எடுத்து, நாலு கூட்டி, எழுபத்தைந்து என்று எழுதினேன்.